குண்டு ஏன் அங்கே போகிறது? பிஸ்டல் போட்டியாளர்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ரேஞ்சில் யாருக்காவது குரூப் (இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம்) கெட்டுப்போனால் கை முதலில் போவது ரியர் சைட் (பின்பக்கக் குறிகாட்டி) திருகுக்குத்தான். தப்பு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. திருகைத் திருப்பியதும் ஒரு பிழை இரண்டாகிவிடுகிறது: கையில் பழையது ஒன்று, சைட்டில் புதியது ஒன்று. அப்புறம் எது எதனால் என்று பிரிப்பது பெரும்பாடு.

ஒருவருக்கொருவர் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ததில் எங்களுக்கு ஒரு வரிசை பிடிபட்டது. முதலில் காசில்லாத சோதனை. அடுத்து பக்கத்து லேன் நண்பரின் கண். அதற்குப் பிறகு திருகு. செலவு கடைசியில்தான். கீழே எல்லா அறிகுறிக்கும் இதே வரிசையில் போகலாம். காற்றழுத்தத்தால் பெல்லட் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலையும், சிறு தோட்டா சுடும் 25 மீட்டர் .22 பிஸ்டலையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். திசைகள் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

டிரை ஃபயர் (குண்டில்லாமல் டிரிகரை மட்டும் இழுத்துப் பழகுவது) என்று எங்கே சொன்னாலும் அதற்கு முன் மூன்று காரியம்: பிஸ்டலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பெல்லட், தோட்டா எல்லாவற்றையும் கைக்கு எட்டாத இடத்துக்கு அனுப்புங்கள். முனை எப்போதும் பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும். பிஸ்டலை நண்பரிடம் காட்டும்போதும் இது பொருந்தும். காட்டுவதற்கு முன் நீங்கள் ஒரு முறை பாருங்கள், வாங்கியதும் அவரும் ஒரு முறை பார்க்கட்டும்.

## எல்லாவற்றுக்கும் முன்: ஷாட்டைச் சொல்லிவிட்டு மானிட்டரைப் பாருங்கள்

ஷாட் போனதும், குண்டு பட்ட இடத்தைக் காட்டும் மானிட்டரைப் பார்க்காமல், அது எங்கே போயிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "எட்டு, ஏழு மணி" என்கிற மாதிரி: எட்டாம் வளையம், கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் திசை. நண்பர் நீங்கள் சொன்னதை ஒரு பக்கமும் மானிட்டரில் வந்ததை இன்னொரு பக்கமும் எழுதட்டும். 20 ஷாட் போதும்.

சொன்னதும் வந்ததும் ஒத்துப்போகிறதா? பிஸ்டலில் ஒன்றுமில்லை. பிழை கையில், நீங்களே அதைப் பார்த்தும்விட்டீர்கள். திருகைத் தொடவே வேண்டாம்.

நடு என்று சொன்னது எல்லாம் ஒரே பக்கத்தில், நெருக்கமாக வருகிறதா? அப்போதுதான் சைட்.

நடு என்று சொன்னது கண்டபடி சிதறுகிறதா? ஒன்று, டிரிகர் விழும் (விடுபட்டு ஷாட் போகும்) நொடியில் கண் மூடிக்கொள்கிறது. இல்லையென்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது. எது என்று பார்க்க நண்பர் சுடும் கோட்டுக்குப் பின்னால், பக்கவாட்டில் நின்று உங்கள் கண்ணிமையை மட்டும் பார்க்கட்டும். சிமிட்டுகிறவருக்குத் தான் சிமிட்டுவது தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே தனியாகப் பயிற்சி செய்பவர்களுக்குப் பிழை கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகிறது.

## குரூப் கீழே இடது பக்கம் போகிறது

அதிகம் வருவது இந்தப் புகார்தான். அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான்.

இலக்கு வேண்டாம், ஒரு வெள்ளை அட்டையைப் பார்த்து 10 முறை டிரை ஃபயர் செய்யுங்கள். முன் சைட்டை மட்டும் பாருங்கள். 'டிக்' சத்தம் கேட்கிற நொடியில் அது இடது பக்கம் சரிந்தாலோ கீழே தலையாட்டினாலோ காரணம் கையில் இருக்கிறது.

சைட் சரிவு எவ்வளவு கெடுக்கும் என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். முன் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் 330 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு சுமார் 30 மி.மீ. விலகும். ஏர் பிஸ்டல் இலக்கில் 10-ஆம் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான், ஆகவே அந்த ஷாட் 7. மாறாக, இரண்டு சைட்டும் நேராக இருந்து கை மொத்தமாக 5 மி.மீ. ஆடினால் குண்டும் அந்த 5 மி.மீ. மட்டுமே விலகும், 10 கிடைத்துவிடும். ஆட்டத்தை மன்னிக்கலாம், சரிவை மன்னிக்க முடியாது.

சரிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வழி:

விரல் கிரிப்பில் உரசுகிறதா? பிஸ்டலைச் சுடும் பிடியில் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலுக்கும் கிரிப் மரத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை நண்பர் நுழைத்துப் பார்க்கட்டும். அடியிலிருந்து டிரிகர் வரை தடங்கலின்றிப் போக வேண்டும். சிக்கினால், டிரிகரை இழுக்கும்போது விரல் மரத்தையும் சேர்த்துத் தள்ளுகிறது. விரலைச் சற்று வெளியே எடுங்கள். முதல் கணுவின் சதைப்பற்றுள்ள நடுப்பகுதி டிரிகரில் பட்டால் போதும்.

மற்ற விரல்களும் சேர்ந்து அழுத்துகின்றனவா? நண்பர் உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பார்க்கட்டும். டிரிகர் விழும் தருணத்தில் நகம் வெளுத்தால், கை முழுவதும் ஒரேயடியாக இறுகுகிறது. கட்டைவிரல் நுனி கீழே மடங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிடியின் இறுக்கத்தை பிஸ்டலைத் தூக்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். தூக்கிய பிறகு அது கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

.22-ல் மட்டும் வருகிறதா, ஏர் பிஸ்டலில் இல்லையா? உதைப்பை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே தள்ளுகிறது. மேகசினில் உண்மையான தோட்டாவோடு டம்மி ரவுண்டுகளையும் (வெடிக்காத போலித் தோட்டாக்கள்) கலந்து நண்பர் நிரப்பித் தரட்டும், எது எங்கே என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது முனை கீழே குத்தினால் சந்தேகமே வேண்டாம். இதற்கு மருந்தும் அதே பயிற்சிதான்: டம்மியிலும் முனை அசையாத வரை தொடருங்கள்.

இவை மூன்றும் சரி என்றால் டிரிகர் நாக்கின் இடத்தை அறுகோணச் சாவியால் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான், அதையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான். அதற்கும் அடங்கவில்லை என்றால் கிரிப். உள்ளங்கையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே மரப் புட்டி வைத்துச் சுட்டுப் பாருங்கள். வைத்த புட்டியைப் பெயர்த்துவிடலாம், அரம் போட்ட மரம் திரும்பி வராது. வேலை முடிந்ததும் ஏர் பிஸ்டல் 420 × 200 × 50 மி.மீ. சோதனைப் பெட்டிக்குள் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். புட்டி வைத்த கிரிப் போட்டியன்று பெட்டியில் முட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

எப்போது நிபுணர்? டிரை ஃபயரில் சைட் அசையவில்லை, நண்பர் கண்ணுக்கும் எதுவும் படவில்லை, ஆனாலும் டிரிகர் விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) போங்கள். டிரிகர் உள்ளே சியர் முனையை (டிரிகர் விடுபடும் வரை பிடித்து நிறுத்தும் கொக்கி) நீங்களே தேய்க்க வேண்டாம். அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை.

கடைசியாக சைட் திருப்புவது என்றால்: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ ரியர் சைட் அந்தப் பக்கம் நகர வேண்டும். திருகில் பொறித்த எழுத்தையும் அம்புக்குறியையும் அப்படியே நம்பாதீர்கள். சில தயாரிப்புகளில் அது குண்டு போக வேண்டிய பக்கத்தைக் காட்டும், சிலவற்றில் குண்டு தவறிப்போன பக்கத்தைக் காட்டும். 10 கிளிக் திருப்பி 5 ஷாட் போட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பிஸ்டல் கடன் வாங்கிச் சுட நேர்ந்தாலும் முதல் வேலை இதுவே.

## குரூப் மேலும் கீழுமாக நீள்கிறது

உடனே ஏர் பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரையும் பெல்லட்டின் வேகத்தையும் சந்தேகப்படுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரில் சுமார் 22 மி.மீ. தாழ்கிறது. வேகம் 140-க்குக் குறைந்தால் 25 மி.மீ. அவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கே வித்தியாசம் 3 மி.மீ.தான், அரை வளையம் கூட இல்லை. உங்கள் குரூப் மூன்று வளையத்துக்கு நீள்கிறது என்றால் காற்றைக் குறை சொல்ல முடியாது.

முதலில் தலை. கன்னம் எங்கும் சாயாத விளையாட்டு இது, அதனால் தலை ஷாட்டுக்கு ஷாட் தாழும், உயரும். நண்பர் பக்கவாட்டில் நின்று 5 ஷாட்டுக்கு உங்கள் தாடையின் உயரத்தை மட்டும் கவனிக்கட்டும். அடுத்து மூச்சு. பாதி விட்டு நிறுத்துகிறீர்களா, முழுதும் விட்டு நிறுத்துகிறீர்களா? எது வேண்டுமானாலும் சரி, தினமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மணிக்கட்டு பூட்டாமல் இருந்தால் ஷாட் மேலே எகிறும். தாமதமாகச் சுட்டால் தோள் தளர்ந்து கீழே விழும். நண்பர் மனதுக்குள் எண்ணட்டும்: இலக்கில் நிலைத்ததிலிருந்து எட்டு, பத்து வினாடி தாண்டியும் சுடுகிறீர்கள் என்றால் பிழை அங்கேதான். இறக்கிவிட்டு மறுபடி தூக்குங்கள். ரேஞ்ச் விளக்கு மாறினால் இலக்கின் கறுப்பு வட்டத்தின் அடி விளிம்பு தெரியும் விதமும் மாறும். புது ரேஞ்சில் முதல் சைட்டிங் ஷாட்டுகள் இதற்குத்தான்.

இவ்வளவுக்கும் பிறகும் நீண்டால், குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) உள்ள ரேஞ்சில் 10 ஷாட் வேகம் எடுத்துப் பாருங்கள். எண்கள் தாறுமாறாக இருந்தால் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். அது பழுதுபார்ப்பவர் வேலை.

## இடமும் வலமுமாகப் பரவுகிறது

பாதம். கண்ணை மூடி பிஸ்டலைத் தூக்குங்கள், இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். முனை இலக்குக்கு இடமாகவோ வலமாகவோ நின்றால் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யாதீர்கள், பின்னங்காலை நகர்த்துங்கள். நேராக வந்ததும் தரையில் பாதத்தின் இடத்தைக் குறித்து வையுங்கள். சுடாத கை ஆடுகிறதா என்றும் பாருங்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் பாக்கெட்டில் கை விட்டு நின்று வெள்ளி வென்றதை உலகமே புதுமையாகப் பார்த்தது. நமக்கு அது அன்றாடம் செய்வது. அந்தக் கையை எங்காவது நிறுத்தி வைத்தால்தான் தோள்கள் அசையாது.

பாதம் சரியாக இருந்தும் பரவுகிறது என்றால் காகிதத் துண்டு சோதனைக்குத் திரும்புங்கள். டிரிகரைப் பக்கவாட்டில் தள்ளும் விரல்தான் அடுத்த காரணம்.

## ஒன்பது நல்ல ஷாட், ஒன்று எங்கோ

அந்த ஒன்று எங்கே போனது என்று சொல்ல முடிந்ததா? முடிந்தால் அது கைவிட்டிருக்க வேண்டிய ஷாட். சைட் கலைகிறது என்று தெரிந்தும் விரல் முடித்துவிட்டது. இதற்கு ஒரு பயிற்சி: நண்பர் தன் விருப்பப்படி எப்போதாவது "இறக்கு" என்பார். எந்த நிலையில் இருந்தாலும் சுடாமல் இறக்க வேண்டும். இறக்குவது பழகிவிட்டால் போட்டியில் நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்வீர்கள். தகுதிச் சுற்றில் எலக்ட்ரானிக் இலக்கில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், இறக்குவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

அப்புறம் ஃபாலோ த்ரூ, அதாவது ஷாட் போன பிறகும் அசையாமல் நிற்பது. ஷாட் போனதும் உடனே தலை மானிட்டர் பக்கம் திரும்புகிறது என்றால், அந்தத் திருப்பம் ஷாட் போவதற்கு முன்பே தோளில் தொடங்கிவிட்டிருக்கும். டிரிகரை அழுத்தியபடியே இரண்டு வினாடி முன் சைட்டைப் பாருங்கள்.

நடு என்று சொன்ன ஷாட் எங்கோ போயிருந்தால் பெல்லட்டைப் பாருங்கள். ஈயம் மென்மையானது, பின் பாவாடை (பின்பக்கத்து விரிந்த விளிம்பு) லேசாக நசுங்கியிருந்தாலும் போதும், குண்டு விலகும். நசுங்கியதை ஒதுக்குங்கள். அடுத்து திருகுகள்: கிரிப் திருகு, ரியர் சைட், முன் சைட், பேரல் பிடிமானம், எடைக்கட்டிகள். எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பேரல் சுத்தம் செய்யப் பஞ்சுக் குண்டு ஒன்றிரண்டு போதும். கடைசியில் வேறு வேறு தொகுதி பெல்லட்டுகளை ரேஞ்சின் கிடுக்கியில் பிஸ்டலைப் பொருத்திச் சுட்டுப் பார்க்கலாம். ஒரே பெட்டியை நாலு பேர் பங்கிட்டுச் சோதித்தால் செலவு குறையும், முடிவும் பொதுவாகக் கிடைக்கும்.

## முன் சைட் மங்கலாகத் தெரிகிறது

கண்ணாடியைத் துடையுங்கள். கண் சிமிட்டுங்கள். பிஸ்டலை இறக்கித் தூரத்தில் எதையாவது பார்த்துவிட்டு வாருங்கள். அதிக நேரம் உற்றுப் பார்த்தால் யாருக்கும் மங்கும். கறுப்பு இலக்கு மங்கலாகவும் முன் சைட்டின் மேல் விளிம்பு கூர்மையாகவும் தெரிவதே சரியான காட்சி. இலக்கு பளிச்சென்று தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மறு கண்ணை இறுக்கி மூடாதீர்கள், சுடும் கண்ணும் சேர்ந்து சுருங்கும். மறைப்பு மாட்டுங்கள். முன் மறைப்பின் அகலம் 30 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி.

பயிற்சியின் தொடக்கத்திலிருந்தே மங்கல் என்றால் கண் பரிசோதகரிடம் போக வேண்டியதுதான். போகும் முன் நண்பரை வைத்து, சுடும் நிலையில் உங்கள் கண்ணிலிருந்து முன் சைட் வரை ஒரு நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அந்த நூலையே எடுத்துப் போய், "இந்தத் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும்" என்று சொன்னால் போதும். தூரப் பார்வை அளவோடு வழக்கமாக +0.50 அல்லது +0.75 சேர்ப்பார்கள். திடீரென்று ஒரு கண்ணில் திரை விழுந்தது போலவோ மின்னல் வெட்டுவது போலவோ தெரிந்தால் அன்றே கண் மருத்துவர்.

## காற்று குறைகிறது, சத்தம் மாறுகிறது

மானியைப் பாருங்கள். வேலை செய்யும் அளவுக்குக் கீழே போயிருந்தால் நிரப்பிவிட்டு மறுபடி சோதியுங்கள். ராத்திரியில் குறைகிறது என்றால் சிலிண்டரைக் கழற்றித் தனியாக வைத்து, மானி காட்டுவதைக் குறித்துக்கொண்டு மறுநாள் பாருங்கள்.

தனியாக வைத்தும் குறைகிறதா? சிலிண்டர் வால்வு. நீங்கள் கை வைக்கக் கூடாது.

மாட்டினால் மட்டும் குறைகிறதா? இணைப்பில் உள்ள ஓ-ரிங். தூசி, வெட்டு, காய்ந்து போவது மூன்றில் ஒன்று இருக்கும். உற்பத்தியாளர் சொல்லும் சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள். சாதாரண எண்ணெய், பெட்ரோலியக் கிரீஸ் வேண்டவே வேண்டாம். உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் அவை தீப்பற்றும்.

ஓ-ரிங் மாற்றியும் குறைகிறதா? பிஸ்டலின் உள் சீல். பழுதுபார்ப்பவரிடம் அனுப்புங்கள்.

சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். உற்பத்தியாளர் குறித்த காலம், வழக்கமாக 10 ஆண்டு, முடிந்துவிட்டால் அது எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் நிரப்பக் கூடாது. காலாவதியான சிலிண்டரை நண்பருக்கு இரவல் கொடுப்பதும் கூடாது. நல்ல நண்பர் கேட்டால் மறுப்பது சங்கடம்தான், ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

## .22 பிஸ்டல் நின்றுவிட்டது

'டிக்' கேட்டது, வெடிக்கவில்லை. முனையை இலக்குப் பக்கமே வைத்திருங்கள். பயிற்சியில் குறைந்தது 30 வினாடி காத்திருந்து, மேகசினைக் கழற்றி, பிறகு திறங்கள். தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் தோட்டா மோசம். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் ஃபயரிங் பின் பாதையில் அழுக்கு, இல்லையேல் ஸ்பிரிங் களைத்துவிட்டது. சுத்தம் செய்வது நீங்கள், ஸ்பிரிங் மாற்றுவது ஆர்மரர்.

போட்டியில் நிலைமை வேறு. பிஸ்டலை இலக்குப் பக்கம் பிடித்தபடி மறு கையை உயர்த்துங்கள். நீங்களே திறந்துவிட்டாலோ தட்டிப் பார்த்தாலோ, மறுபடி சுடும் வாய்ப்பு போய்விடும். கை துடிக்கும், திறக்காதீர்கள்.

வெற்றுக் கூடு வெளியே வராமல் சிக்குகிறது. எல்லா மேகசினிலுமா, ஒன்றில் மட்டுமா? மேகசின்களுக்கு எண் போட்டு வைத்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். ஒன்றில் மட்டும் என்றால் அதன் வாய் விளிம்பு வளைந்திருக்கிறது. எல்லாவற்றிலும் என்றால் சேம்பரையும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியையும் சுத்தம் செய்யுங்கள். பிறகு நண்பர் அதே பிஸ்டலில் ஒரு மேகசின் சுடட்டும். அவருக்கு ஓடி உங்களுக்கு மட்டும் சிக்கினால் மணிக்கட்டு தளர்வாக இருக்கிறது. இருவருக்கும் சிக்கினால் தோட்டா வகையை மாற்றிப் பார்த்துவிட்டு ஆர்மரரிடம் போங்கள்.

சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டது. அடுத்த ஷாட்டைப் போடவே கூடாது. குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்று போனால் பேரல் பிளக்கும். நிறுத்துங்கள், காலி செய்யுங்கள், பேரலைச் சோதிக்கச் செய்யுங்கள். பக்கத்து லேனில் அப்படிச் சத்தம் கேட்டாலும் "ஸ்டாப்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

## எடைச் சோதனையில் டிரிகர் தேறவில்லை, அல்லது டிரிகரே வேலை செய்யவில்லை

டிரிகர் விழாமல் தாங்க வேண்டிய எடை ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் .22-க்கு 1000 கிராம். சரியாக 500-ல் வைத்துக்கொண்டு வருபவர்கள்தான் மாட்டுகிறார்கள். சோதனை எடையைத் தூக்கும்போது டிரிகர் நாக்கின் நடுவில் மாட்டுங்கள், நேராக, மெதுவாகத் தூக்குங்கள். அப்படியும் விழுந்தால் தூசியைத் துடைத்து, எடைத் திருகை ஓரளவு கூட்டி, 10 அல்லது 20 கிராம் கூடுதலாகவே நிறுத்துங்கள். சுட்ட பிறகும் சோதனை வரலாம் என்பதை மறக்க வேண்டாம். எல்லாரும் சேர்ந்து ஒரு சோதனை எடை வாங்கி ரேஞ்சில் வைத்துக்கொள்வது நல்லது.

எலக்ட்ரானிக் டிரிகர் என்றால் முதலில் மின்கலம், அடுத்து தொடர்புமுனை, பிறகு பழுதுபார்ப்பவர். போட்டி நடுவே நின்றுவிட்டால் உடனே ரேஞ்ச் ஆஃபீசரைக் கூப்பிடுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, சரிசெய்வதற்குள் பல நிமிடங்கள் கரைந்தன. அவர் எடுத்தது 575, 12-ஆம் இடம், இறுதிச் சுற்று கைநழுவியது. 2024-ல் அவரே பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். உங்கள் பிஸ்டல் வகையையே வைத்திருப்பவர் யார் என்று போட்டிக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உதிரி பாகங்களை இரண்டு பேர் பிரித்து எடுத்துவந்தால் இருவருக்கும் பாதுகாப்பு.

## ஷாட் போனது, மானிட்டரில் எதுவும் இல்லை

அடுத்த ஷாட்டைப் போடாதீர்கள். கையை உயர்த்துங்கள். இலக்கில் தாள் நகராமல் நின்றிருக்கலாம், இணைப்பு போயிருக்கலாம், அல்லது பக்கத்து இலக்கைச் சுட்டிருக்கலாம். ஏதென்ஸ் 2004-ல் ரைஃபிள் இறுதிச் சுற்றில் முன்னணியில் இருந்த மேத்யூ எம்மன்ஸ் கடைசி ஷாட்டைப் பக்கத்து இலக்கில் போட்டு எட்டாம் இடத்துக்குப் போனார். அந்த அளவு ஆட்டக்காரருக்கே நடந்தது என்றால் யாருக்கும் நடக்கும். தூக்குவதற்கு முன் இலக்கின் எண்ணை ஒரு முறை வாசிப்பதை வழக்கமாக்குங்கள். பக்கத்து லேன்காரர் உங்கள் இலக்கில் சுட்டுவிட்டால் முகம் சுளிக்காமல் ரேஞ்ச் ஆஃபீசரிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கு அதற்குமேல் தண்டனை வேண்டாம்.

## பயிற்சியில் வருகிறது, போட்டியில் வரவில்லை

பிஸ்டலைப் பிரிக்காதீர்கள். உங்கள் பயிற்சி நோட்டைப் பிரியுங்கள். பயிற்சி ஸ்கோர் என்று நீங்கள் நினைப்பது நல்ல நாட்களின் ஸ்கோரா, எல்லா நாட்களின் சராசரியா? சராசரியோடு ஒப்பிட்டால் பாதிப் பேருக்குப் பிரச்சினையே இல்லாமல் போய்விடுகிறது.

வித்தியாசம் நிஜம் என்றால், போட்டியை ரேஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். அதே உடை, அதே நேரம், 15 நிமிட தயாரிப்பு, 60 ஷாட், பின்னால் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டும். இதய ஓட்டம் கூடும், கூடட்டும். அதைக் குறைக்க முயலாமல், அந்த ஓட்டத்தோடு ஷாட்டின் வரிசை மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் நண்பர் பார்க்கட்டும்: தூக்குவது, மூச்சு, இறங்குவது, நிலைப்பது, அழுத்துவது. எங்கே அவசரப்படுகிறீர்கள் என்று அவர் சொல்வார். பெரும்பாலும் தூக்குவதற்கு முன்னால் எடுக்கும் இடைவேளைதான் சுருங்கியிருக்கும்.

போட்டி நடுவே குலைந்தால் பிஸ்டலைக் காலி செய்து, சேஃப்டி ஃபிளாக் செருகி, ரேஞ்ச் ஆஃபீசரிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்காருங்கள். கோச்சிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஸ்கோரைப் பேசாதீர்கள்.

ஒரே பதக்கத்துக்கு நிற்பவரிடம் போய் என் பிழையைப் பார் என்று கேட்கலாமா என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். கேளுங்கள். இந்த விளையாட்டில் பக்கத்து லேன்காரர் உங்கள் குண்டைத் தடுக்க முடியாது, உங்களால் அவருடையதையும் தடுக்க முடியாது. 2008 பெய்ஜிங்கில் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் போரில் இருந்த நாட்களில், 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வென்ற நதாலியா பதெரினாவும் வெண்கலம் வென்ற நினோ சலுக்வாட்ஸேயும் பதக்க மேடையில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். போரில் இருந்த இரு நாட்டுக்காரர்களால் அது முடிந்ததென்றால், ஒரே ரேஞ்சுக்காரர்களுக்குள் கூச்சம் எதற்கு?

தூக்கம் போவது, போட்டி என்றாலே வயிறு கலங்குவது, சுடவே பிடிக்காமல் போவது என்று வாரக்கணக்கில் நீண்டால் விளையாட்டு உளவியலாளரைப் பாருங்கள்.

## வலி

தோள், முழங்கை, மணிக்கட்டு. ஒரு கிலோ அளவுள்ள பிஸ்டலைக் கையை நீட்டிப் பிடிக்கும் விளையாட்டில் களைப்பு இயல்பு, வலி இயல்பல்ல. களைப்பு ஓய்வில் போய்விடும். மறுநாள் காலையிலும் இருந்தால் அது வலி. முதலில் ஷாட் எண்ணிக்கையைக் குறைத்து, தூக்கும் உயரத்தைக் குறையுங்கள். பிஸ்டலில் கூடுதல் எடைக்கட்டி மாட்டியிருந்தால் கழற்றுங்கள். மறு கையிலும் எடை தூக்கி முதுகைச் சமப்படுத்துங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட். விரல்கள் மரத்துப்போனாலோ பிடி திடீரெனத் தளர்ந்தாலோ காத்திருக்காமல் மருத்துவர்.

ஈயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேஞ்சுக்குள் எதுவும் சாப்பிடாதீர்கள், முகத்தைத் தொடாதீர்கள், வெளியே வந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மூடிய ரேஞ்சில் .22 அதிகம் சுடுபவர்கள், பெல்லட் பிடிப்பானைச் சுத்தம் செய்பவர்கள் ரத்தத்தில் ஈய அளவை மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ரேஞ்சில் ஒருவருக்கு அளவு கூடுதலாக வந்தால் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், எல்லாரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறோம்.